விற்றுப்போன வண்டிக்கு வரும் போன்: ஆன்லைன் வரி விளம்பரத் தொழில் எங்கே சிக்கிக்கொண்டது?

அச்சில் வந்த வரி விளம்பரத்துக்கு ஆயுள் ஒரே நாள்தான். சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் 'அஸ்தம்பட்டி, கீழ்த்தளம், 2 படுக்கையறை, காவிரித் தண்ணீர், போர் உண்டு, வாடகைக்கு' என்று நான்கு வரி வந்தால், மறுநாள் அந்தத் தாள் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போய்விடும். வீட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் உரிமையாளர் அடுத்த வாரம் மறுபடி காசு கட்ட வேண்டும். அதனால் தாளில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த வாரம் நிஜமாகவே காலியாக இருந்த வீடு, நிஜமாகவே விற்பனைக்கு நின்ற வண்டி. இந்த ஒழுங்கை யாரும் யோசித்துக் கொண்டுவரவில்லை. வரிக்கு இவ்வளவு என்று வாங்கிய கட்டணமும் தாளின் ஒரு நாள் ஆயுளும் சேர்ந்து பழசையும் பொய்யையும் தாமாகவே வடிகட்டின.

இணையம் வந்ததும் இந்த இரண்டும் போய்விட்டன. விளம்பரம் போடக் காசில்லை. போட்டது போகவும் போகாது. இந்தத் தொழிலில் இன்றைக்குப் பேசப்படும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

1995-ல் சான்பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கியது கிரெய்க்ஸ்லிஸ்ட். இலவச விளம்பரம் என்ற அதன் வழியைத்தான் 2006-ல் தொடங்கிய ஓஎல்எக்ஸும், 2008 முதல் அந்தப் பெயரில் இயங்கிய குவிக்கரும் பின்பற்றின. அதே காலத்தில் இன்னொரு ஓடையும் ஓடியது: ஒரே பொருளை மட்டும் எடுத்துக்கொண்ட தளங்கள். வேலைக்கு நௌக்ரி, 1997-ல் வந்தது. கல்யாணத்துக்கு, முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் இருந்தபோது தமிழர்களுக்காகத் தொடங்கிய தளத்திலிருந்து வளர்ந்த மேட்ரிமோனி நிறுவனம். நௌக்ரியை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் 2006-லும் மேட்ரிமோனி 2017-லும் பங்குச் சந்தைக்குப் போயின. எல்லாவற்றையும் விற்ற பொதுத் தளங்கள் அந்த நிலையை எட்டவில்லை. காரணம் எளிது. வேலைக்கு ஆள் தேடும் கம்பெனி வருடம் முழுக்கத் தேடும், வருடா வருடம் கட்டணம் கட்டும். பழைய பீரோவை விற்கும் வீடு அதைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை விற்கும். அந்த வீட்டாரிடம் சந்தா வாங்க முடியாது.

பழைய விளம்பரச் சிக்கலின் கனம் ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். சேலத்துக்கு மட்டும் வாடகை வீட்டுத் தளம் ஒன்று நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 புது விளம்பரம் வருகிறது. ஒரு வீடு 15 நாளில் போய்விடுகிறது. தளமோ ஒவ்வொரு விளம்பரத்தையும் 60 நாள் காட்டுகிறது. எந்த நாளில் எண்ணினாலும் தளத்தில் 1,200 விளம்பரம் இருக்கும். அதில் காலியாக உள்ள வீடு 300. நான்கு பேருக்குப் போன் போட்டால் மூன்று பேர் "அது போயிடுச்சுங்க" என்பார்கள். இப்படி இரண்டு நாள் கேட்டவர் மூன்றாம் நாள் தளத்தைத் திறக்கமாட்டார். நேராக டீக்கடைக்காரரிடம் கேட்பார், அல்லது 'டு-லெட்' பலகை தேடித் தெருத் தெருவாக வண்டியை ஓட்டுவார்.

அந்த 60 நாளை 21 ஆக்கினால் போதும். மொத்தம் 420 விளம்பரம், அதில் 300 உயிருள்ளது. தேடுபவருக்கு இது வேறொரு தளம். ஆனால் நடத்துபவருக்குப் பயம் வந்துவிடும். 'சேலத்தில் 1,200 வீடுகள்' என்று முகப்பில் போட்டிருந்தது 420 ஆகச் சுருங்கும், கூகுளில் வந்து விழும் பக்கங்களும் குறையும். பெரும்பாலான தளங்கள் இந்தப் பயத்தில்தான் கெட்டுப்போகின்றன. எண்ணிக்கையைக் காப்பாற்றப் போய் ஆளை விடுகிறார்கள்.

சுத்தம் செய்யும் வேலை கடினமான தொழில்நுட்பம் அல்ல. விளம்பரம் போட்ட ஏழாம் நாள் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி போக வேண்டும்: 'வீடு இன்னும் காலியா?' கீழே இரண்டு பொத்தான்கள், 'காலி', 'போயிடுச்சு'. பதில் இல்லையென்றால் பத்தாம் நாள் விளம்பரம் பட்டியலின் அடிக்கு இறங்க வேண்டும். பதினான்காம் நாள் ஒரு போன்; அதையும் எடுக்காவிட்டால் விளம்பரம் மறைய வேண்டும். அழித்துவிடக் கூடாது, திரும்பக் கொண்டுவர ஒரு மிஸ்டு கால் போதும் என்று வைக்க வேண்டும். தறிக்கூடத்தில் சத்தத்துக்கு நடுவே நிற்பவரும், தட்டச்சு பழகாத அறுபது வயது வீட்டுக்காரரும் மிஸ்டு கால் கொடுப்பார்கள்; உள்நுழைந்து கடவுச்சொல் போட்டு 'புதுப்பி' என்ற பொத்தானைத் தேடமாட்டார்கள். வாட்ஸ்அப் வணிகச் செய்திக்குக் கட்டணம் உண்டு. விளம்பர வகையாக அனுப்பினால் தகவல் (யுடிலிட்டி) வகையைவிடப் பல மடங்கு ஆகும். எனவே அந்தக் கேள்விக்குள் 'எங்கள் பிரீமியம் திட்டத்தைப் பாருங்கள்' என்று ஒரு வரி நுழைத்தால் செலவும் ஏறும், பதிலும் வராது.

செலவு என்றதும் வரவு எங்கே என்ற கேள்வி வரும். பக்கத்தில் ஓரமாக வரும் பட விளம்பரங்களை நம்பித் தொடங்குபவர்கள்தான் அதிகம். ஆயிரம் பார்வைக்கு 50 ரூபாய் கிடைப்பதாகத் தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், மாதம் 2 லட்சம் பக்கப் பார்வைக்கு 10,000 ரூபாய்தான் தேறும். போன் போட்டு விளம்பரங்களைச் சரிபார்க்கும் ஒருவரின் சம்பளத்துக்குக்கூட அது காணாது. ஆக, விளம்பரம் போடுபவரிடம்தான் வாங்க வேண்டும். மாதா மாதம் கொடுக்க மனமும் காரணமும் உள்ளவர் யார்? வீட்டுக்காரர் இல்லை, தரகர். 'மேலே காட்டு', 'சிறப்பு விளம்பரம்', 'விசாரணைக்கு இவ்வளவு' என்ற திட்டங்களை வாங்குபவர் அவர்தான்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. தரகர் காசு கொடுப்பதால் தளம் அவரை விரட்டாது. அவர் ஒரே வீட்டை ஐந்து விதமாகப் போடுவார்: ஃபேர்லேண்ட்ஸ் என்று ஒரு முறை, அழகாபுரம் என்று ஒரு முறை, வாடகையை 500 ரூபாய் ஏற்றி இறக்கி மூன்று முறை. அவருக்கு வேண்டியது வீட்டுக்கு ஆள் அல்ல, விசாரிப்பவரின் போன் நம்பர். இன்னொரு பக்கம், உரிமையாளர் யாராவது நேரடியாக விளம்பரம் போட்டால் அரை மணிக்குள் வரும் முதல் நான்கு போன் தரகர்களிடமிருந்து வரும். அடுத்தது பெயின்டர், அதற்கடுத்தது கடன் வேண்டுமா என்று கேட்பவர். இரண்டு முறை இப்படி அவதிப்பட்ட வீட்டுக்காரர் பிறகு தளத்தின் பக்கமே வரமாட்டார். உரிமையாளர் குறையக் குறைய தரகர் பங்கு கூடும். பங்கு கூடக் கூடத் தேடுபவர் குறைவார். 2014-ல் தொடங்கிய பெங்களூர் நிறுவனம் நோபுரோக்கர், வீடு தேடுபவரிடமே கட்டணம் வாங்கி உரிமையாளர் தொடர்பைக் கொடுக்கும் வழியைப் பிடித்தது இந்தச் சுழலிலிருந்து தப்பத்தான். வாடகை உயர்ந்த பெருநகரில் தரகாகக் கொடுக்கும் ஒரு மாத வாடகை பெரிய தொகை, அதை மிச்சப்படுத்தச் சில ஆயிரம் கொடுப்பார்கள். 8,000 ரூபாய் வாடகை வீடு தேடும் சேலம் தாதகாப்பட்டிக் குடும்பத்திடம் அதே கணக்கு செல்லாது.

போன் நம்பரை மறைத்து இடைநம்பர் வழியாக அழைப்பைக் கடத்திவிடுவது இந்தத் தொல்லைக்கு ஓரளவு மருந்து. ஒரே நம்பரிலிருந்து ஒரு நாளில் முப்பது வீட்டுக்கு அழைப்பு போனால் அது தரகர் என்று தளத்துக்கே தெரிந்துவிடும். படங்களுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அதன் ஒளி இருள் அமைப்பிலிருந்து ஒரு சுருக்கக் குறியீடு எடுத்து வைத்துக்கொண்டால், அளவைக் குறைத்தாலும் நிறத்தைச் சற்று மாற்றினாலும் அதே சமையலறை திரும்பி வருவதைப் பிடித்துவிடலாம். கண்ணாடிபோல் இடவலம் புரட்டிப் போட்டால் எளிய முறைகள் ஏமாறும். ஆகவே புரட்டிய வடிவத்துக்கும் குறியீடு எடுத்து வைப்பது அவசியம்.

கார் பக்கம் வேறு மாதிரி போனது. விளம்பரம் மட்டும் போட்டால் லாபம் மெலிவு என்று கண்டு, பெரிய தளங்கள் வண்டியைத் தாங்களே வாங்கி விற்கும் வேலையில் இறங்கின. அங்கே பணம் வண்டியாக ஷெட்டில் நிற்கும்; விலை இறங்கினால் நட்டம் தளத்தின் தலையில். ஓஎல்எக்ஸ் இந்தியாவின் வாகனத் தொழிலை 2023-ல் கார்டிரேட் 537 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வாங்கிய பிறகு வண்டி வாங்கி விற்கும் பகுதியை நிறுத்திவிட்டு விளம்பரப் பகுதியை வைத்துக்கொண்டது. பழைய, மெலிந்த தொழிலே நிற்கக்கூடியது என்று அதற்குப் பொருள்.

டூவீலர் விளம்பரத்தில் தளம் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை என்பது ஒரு குறை. நிறமும் கிலோமீட்டரும் கேட்கிறார்கள். ஆர்.சி. புக் யார் பெயரில் இருக்கிறது, ஃபைனான்ஸ் முடிந்து எச்.பி. (ஆர்.சி.யில் ஏறிய கடன் அடமானக் குறிப்பு) ரத்தாகிவிட்டதா, இன்சூரன்ஸ் எதுவரை என்ற மூன்றும் இல்லை. சேலத்தில் மாதத் தவணையில் எடுத்த வண்டிகள் ஏராளம். தவணை முடிந்தும் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையின்மைச் சான்றும், கடன் தீர்ந்ததைத் தெரிவிக்கும் ஃபாரம் 35-ம் ஆர்.டி.ஓ.வுக்குப் போகாமலே ஓடும் வண்டியை வாங்கினால் பெயர் மாற்ற முடியாது. விற்பவருக்கும் ஆபத்து உண்டு. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் 14 நாளுக்குள் வண்டி கைமாறியதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு. விபத்து நடந்தால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேலத்தின் டிஎன் 30 என்றோ டிஎன் 54 என்றோ தொடங்கும் நம்பர் பிளேட்டை விரலால் மறைத்துப் படம் எடுத்துப் போடும் பழக்கமும் வாங்குபவருக்குப் பாதகம். முழு நம்பர் இருந்தால்தான் அரசின் பரிவாகன் செயலியில் அவர் விவரம் பார்க்க முடியும்.

மனை விளம்பரத்தில் கேட்க வேண்டியவை இன்னும் கடுமையானவை. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டதிலிருந்து 'டிடிசிபி அப்ரூவ்டு' (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி பெற்றது) என்ற சொல் இல்லாத விளம்பரமே இல்லை. சொல்லை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அனுமதி எண்ணை எழுதினால்தான் சரிபார்க்க முடியும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். எண் போடாமல் 'அடுத்து' பொத்தானை அழுத்த முடியாதபடி தளத்தைக் கட்டினால் பாதிப் பொய் அங்கேயே நின்றுவிடும். ஏற்காட்டு நிலத்துக்கு மலைப்பகுதிக் கட்டுப்பாடுகளும் சேரும். 'காட்டேஜ் கட்ட ஏற்ற காபித் தோட்டம், 40 சென்ட்' என்ற வரியைக் கீழே இருந்து படிப்பவருக்கு, மலையில் கட்டட அனுமதி வேறு விதம் என்று தெரியாது.

தமிழில் தேடுவது தனிப் பாடு. 'ஐந்து ரோடு', '5 ரோடு', 'ஃபைவ் ரோட்ஸ்' மூன்றும் ஒரே இடம். சேலம் ஜங்ஷன் இருக்கும் 'சூரமங்கலம்' தேடுபவருக்கு 'ஜங்ஷன் பக்கம்' என்று எழுதிய விளம்பரம் வராது. 'வாடகை' என்று தேடினால் 'வாடகைக்கு' என்று இருப்பது வர வேண்டும். வேற்றுமை உருபைப் பிரித்தெடுக்கத் தெரியாத தேடல் இயந்திரம் அதை வேறு சொல் என்று தள்ளிவிடும். இதைவிட விபரீதம் போக்கியம். 'போக்கியத்துக்கு, 5 லட்சம்' என்றால் மொத்தத் தொகை கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. வேற்றூரில் கட்டிய தளத்தில் அதற்கு இடம் இருக்காது. வீட்டுக்காரர் வேறு வழியின்றி வாடகைக் கட்டத்தில் 5,00,000 என்று போடுவார். 'வாடகை 10,000-க்குள்' என்று வடிகட்டுபவர் கண்ணில் அந்த வீடு படவே படாது. அந்தத் தெருவின் சராசரி வாடகையும் தளத்தில் ஏறிக் கிடக்கும். மனையில் சென்ட், சதுர அடிக் குழப்பமும் இப்படித்தான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. விலை சென்ட்டுக்கா சதுர அடிக்கா மொத்தத்துக்கா என்று கேட்காமல் ஒரே கட்டம் வைத்தால், விலை வரிசைப்படி அடுக்குவது வீண்.

இந்த இடைஞ்சல்களைப் பொறுக்காதவர்கள் போனது வாட்ஸ்அப் குழுவுக்கும் பேஸ்புக்குக்கும். பேஸ்புக் 2016-ல் மார்க்கெட்பிளேஸைத் தொடங்கியது. சமூக வலைத்தளத்தோடு அதைக் கட்டிப்போட்டு மற்ற விளம்பரத் தளங்களை நெருக்கியதாக ஐரோப்பிய ஆணையம் 2024 நவம்பரில் பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு ஏறத்தாழ 79.8 கோடி யூரோ அபராதம் விதித்தது. அங்கே விற்பவரின் முகமும் நண்பர்களும் தெரிவது ஒரு நம்பிக்கை, பொய்க் கணக்கு வராதவரை. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம். பொருள் வேகமாகப் போகும். ஆனால் தேடல் வசதி கிட்டத்தட்டக் கிடையாது, விலை கேட்டால் 'பர்சனல்ல வாங்க' என்பார்கள், காலையில் போட்டது மதியத்துக்குள் மேலே ஏறிப்போய்விடும். அடையாளம் சரிபார்ப்பதும் அட்மினின் பொறுமையைப் பொறுத்தது.

மோசடிக்காரர்கள் எங்கும் ஒரே தாளத்தில்தான் ஆடுகிறார்கள். நீங்கள் கட்டில் விற்க விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்தில் ஒருவர் அழைப்பார். ராணுவத்திலோ பாதுகாப்புப் படையிலோ இருப்பதாகச் சொல்வார், சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார். பேரம் பேசமாட்டார், முதல் அடையாளம் அதுதான். பணம் அனுப்புகிறேன் என்று ஒரு கியூஆர் படம் வரும், 'இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்க, பணம் ஏறிடும்' என்பார். யுபிஐ-யில் பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் 'பணம் கேட்கும்' கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அந்த ஓட்டை அடைபட்டது, ஆனால் கியூஆரும் திரையைப் பகிரச் சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பும்.

மே மாதம் ஏற்காட்டில் இதன் இன்னொரு வடிவம் நடக்கும். கோடை விழா நெருங்கும்போது நல்ல அறைகள் நிரம்பிவிடும்; அப்போது 'லேக் வியூ காட்டேஜ், நேரடி உரிமையாளர்' என்று குறைந்த வாடகையில் விளம்பரம் முளைக்கும். படம் வேறு ஏதோ மலைவாசஸ்தலத்தினுடையதாக இருக்கும். பாதித் தொகை முன்பணம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போன பிறகுதான் அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரியும். குழந்தைகளோடு இருட்டில் அறை தேடி அலையும் குடும்பத்துக்கு அந்த முன்பணம் மட்டும் நட்டம் அல்ல. தளம் செய்யக்கூடியது: தங்குமிட விளம்பரத்துக்குப் படம் போதாது, வாசலிலிருந்து உள்ளே நடக்கும் காணொளி, அன்றைய நாளிதழ் கையில் தெரிய எடுத்தது, வேண்டும் என்று வைப்பது. உண்மையான உரிமையாளருக்கு அது ஐந்து நிமிட வேலை.

சட்டம் தளங்களுக்கு ஒரு நிழல் கொடுத்திருக்கிறது. 2004-ல் பாஸி டாட் காம் என்ற விற்பனைத் தளத்தில் ஒருவர் போட்ட ஆபாசக் காணொளி விளம்பரத்துக்காக அந்தத் தளத்தின் தலைமை அதிகாரியே கைதானார். பிறகு 2008-ல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, உரிய கவனத்தோடு நடந்துகொள்ளும் இடைத்தளத்தை அடுத்தவர் போட்டதற்குப் பொறுப்பாக்காது. அந்த 'உரிய கவனம்' சும்மா வராது: குறைதீர் அலுவலர் பெயர் தளத்தில் இருக்க வேண்டும், தடை செய்யப்பட்டதைத் தெரிந்தபின் வைத்திருக்கக் கூடாது. பச்சைக்கிளி விற்பனைக்கு என்று வீட்டில் வளர்த்த பிரியத்தோடு ஒருவர் போடுவார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று அவருக்குத் தெரியாது. நட்சத்திர ஆமையும் அப்படியே. இந்தச் சொற்களைப் பார்த்ததுமே நிறுத்தி, ஏன் என்று தமிழில் சொல்லும் பட்டியல் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும்.

பெரிய தளங்கள் எட்டாத இடம் ஒன்று சேலத்தில் திறந்தே கிடக்கிறது: பழைய விசைத்தறி. அம்மாப்பேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறி கைமாறுவது இன்றும் வாய்வழியாகவோ வாட்ஸ்அப்பிலோதான். பொதுத் தளத்தில் போட்டால் 'இயந்திரங்கள், இதர' என்ற மூலையில் போய் விழும். வாங்குபவர் முதலில் கேட்பது அங்கே இருக்காது: எத்தனை இஞ்ச் தறி, சாதாவா, துணியில் வடிவம் நெய்யும் டாபியா ஜக்கார்டா, இப்போது என்ன துணி ரகம் ஓடுகிறது, கடைசியாக ஓடியது எப்போது, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், தறி மட்டுமா கூடத்தோடு வாடகைக்கா. கூடத்தோடு என்றால் மின் இணைப்பு விசைத்தறிக்கான 3ஏ2 கட்டணத்தில் இருக்கிறதா, யார் பெயரில் என்பது தறியின் விலைக்குச் சமமான கேள்வி. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் அந்த இணைப்பைப் பொறுத்தது. இந்த ஏழெட்டுக் கட்டங்களும், தறி ஓடும் இருபது நொடிக் காணொளி ஒன்றும், பத்தாம் நாள் ஒரு போனும் இருந்தால் போதும். காணொளியில் சத்தத்தை மட்டும் நீக்கக் கூடாது. நாடா (ஊடுநூலோடு குறுக்கே ஓடும் கட்டை) அடிக்கும் சத்தத்தைக் கேட்டே தறியின் நிலையைச் சொல்லிவிடுவார்கள் வாங்க வருபவர்கள்.